கிண்ணம் என் பக்கம் இருக்கிறது

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டு கதிரேசனுக்காக. பஹ்ரைனிலிருந்து ஃபோனில் சொன்னான்: "சித்தி, டாக்டருங்க சொல்றத எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. சாயங்காலம் நான் கூப்புடுறப்ப அப்படியே வாசிங்க. நீங்களாக் கதை சேக்காதீங்க." முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவளுக்கு நோட்டு எழுதத் தெரியாதா என்ன? தாய்க்கு இப்படி ஆகிவிட்டதே என்று தவித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் சண்டை வேண்டாமென்று சரி என்றேன்.

நேற்று எழுதிய முதல் பக்கத்தில் காப்பி கொட்டிவிட்டது. கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

நோயாளி பெயர் நவநீதம். வயது எழுபத்தொன்று. நுரையீரல் இறுகிப்போகிற வியாதி இரண்டு வருஷமாக இருக்கிறது. அதன் மேல் இப்போது நிமோனியா. ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் கூட்டிவந்தேன். பதினொன்றரை மணிக்கு வாய் வழியாகக் குழாய் போட்டு மூச்சு மிஷினில் இணைத்தார்கள். அவசரம், வேறு வழி இல்லை. ஐசியூவில் நாலாம் நம்பர் கட்டில். மயக்க மருந்து ஓடுகிறது. காய்ச்சல் நூற்றியொன்று.

ஃபாரத்தில் உறவு என்ற இடத்தில் என்னைத் 'தங்கை' என்று எழுதியிருக்கிறார்கள். நான் அக்கா அக்கா என்று கத்திக்கொண்டே வந்ததில் அந்தப் பெண் அப்படி எழுதிவிட்டாள். நான் ஓரகத்தி. அண்ணனுக்கு அவர் வாழ்க்கைப்பட்டார், தம்பிக்கு நான். இரண்டு ஆண்களும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. திருத்தச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

உள்ளே விடுவது காலை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம், மாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம். ஒரு பாஸ், ஒரு ஆள். செருப்பைக் கழற்றி, கையில் மருந்து தேய்த்து, பச்சை அங்கி மாட்டுவதற்குள் இரண்டு நிமிஷம் போய்விடுகிறது. அங்கியின் தையல் மகா மோசம். கக்கத்தில் பிரிந்திருக்கிறது.

டாக்டர் ஷாஹிதா சொன்னது: காய்ச்சல் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து போகிறது. ஆக்சிஜன் எழுபது சதவீதம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னும் நாலைந்து நாள் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் கதிருக்கு.

அக்காவைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். பகல் நேர நர்ஸ் பிரின்ஸி, மார்த்தாண்டத்துப் பெண், பக்கத்தில் வந்தாள். "பேசுங்கம்மா. அவங்களுக்குக் கேக்கும்" என்றாள்.

"என்னத்தப் பேச?"

"வீட்டுல என்ன பேசுவியளோ அதப் பேசுங்க."

வீட்டில் நாங்கள் என்ன பேசுவோம்? சண்டை போடுவோம். அதனால், "அக்கா, வீட்டுல உங்க பக்கத்துத் தண்ணிக் குழாய் சொட்டு சொட்டுன்னு ஒழுகுது. வாஷர் மாத்துங்கன்னு தீபாவளியிலருந்து சொல்றேன். கேட்டாத்தான?" என்று ஆரம்பித்தேன். பிரின்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து நிமிஷமும் திட்டிவிட்டு வந்தேன். மனசு கொஞ்சம் லேசானது.

பிப்ரவரி 5, புதன்

மாற்றமில்லை. கீரைக்காரி அக்காவைக் கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் அறுபத்தைந்து. கதிருக்கு லீவு கிடைத்துவிட்டது, நாளை மறுநாள் வருகிறான். பிரின்ஸி விளக்கெண்ணெய் கொண்டுவர அனுமதி கொடுத்தாள். அக்காவின் குதிகால் வெடிப்பில் தேய்த்துவிட்டேன். வருஷக் கணக்காகக் கெஞ்சினாலும் காலைத் தொடவிடாத மனுஷி, இன்று ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் நம் வீட்டுக் கதையைப் பிரின்ஸியிடம் சொன்னேன். ஒரே வீடு, ஒரே கூடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு அடுப்பு. பதினேழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு, "மதினி வைக்கிற குழம்பு கையில மணக்கும். நீ வைக்கிற ரசத்துல உப்பைத் தேடணும்" என்றார். அக்கா சிரித்துத் தொலைத்தார். அன்றைக்கு நான் தனி அடுப்பு மூட்டினேன். அந்த மனுஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அடுப்பு மட்டும் இன்னும் இரண்டாகவே இருக்கிறது.

ஆனால் தனி அடுப்பு மூட்டிய மறுநாளே அக்கா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொண்டுவந்து வைத்தார். கிண்ணத்தில் 'கா. நவநீதம்' என்று பெயர் வெட்டியிருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கலாமா? மறுநாள் அதில் ரசம் ஊற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அதில் அவியல் வந்தது. பதினேழு வருஷமாக அந்தக் கிண்ணம் காலியாகச் சுவரைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் ரசத்தில் உப்பு சரியில்லை என்று சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை வழித்துக் குடித்திருப்பார்.

"இப்ப கிண்ணம் யாரு பக்கம்மா இருக்கு?" என்று பிரின்ஸி கேட்டாள்.

என் பக்கம்தான் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வத்தக்குழம்போடு வந்தது. சனிக்கிழமையே நான் திருப்பியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

கதிர் வந்துவிட்டான். விமான நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் பெட்டியோடு வந்தான். அவன் தலையில் நரையைப் பார்த்ததும் எனக்குத் திடுக்கென்றது. நாற்பத்தைந்து வயதுப் பிள்ளை. பாஸை அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றேன். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தவன், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா கை இவ்வளவு சின்னதா சித்தி?" என்றான்.

இந்த நோட்டை இனி அவனுக்கு வாசிக்க வேண்டியதில்லை. டாக்டர் சொல்வதை அவனே கேட்டுக்கொள்வான். இருந்தாலும் எழுதுவதை நிறுத்த மனம் வரவில்லை. பழகிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கதிர் அவன் அம்மா பக்கத்து அடுப்பில் உப்புமா கிண்டினான். தீய்ந்துபோனது. என் பக்கம் வந்து தோசை சாப்பிட்டான்.

ஆக்சிஜன் அறுபது. மயக்கத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அக்கா கண்ணைத் திறந்தாராம். உடனே மூச்சு இரைத்துக் கை கால் உதறி, மிஷின் கத்தி, திரும்ப மயக்கத்தில் வைத்துவிட்டார்கள். கைகளைத் துணியால் கட்டிலோடு லேசாகக் கட்டியிருக்கிறார்கள். குழாயைப் பிடுங்கப் போனாராம்.

கதிர், "அம்மா போராடுறாங்க சித்தி" என்றான் சந்தோஷமாக. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பெரியவரை நினைத்துக்கொண்டேன். அக்காவின் வீட்டுக்காரர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஐசியூவில் இருபத்திரண்டு நாள் குழாயோடு கிடந்தார். அக்கா இருபத்திரண்டு நாளும் வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் போனபோது உள்ளே யாரும் இல்லை. விசிட்டிங் நேரம் முடிந்திருந்தது.

அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. வாஷர் மாற்ற ஆள் வந்தான். இப்போது குழாய் ஒழுகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

டாக்டர் ஷாஹிதா எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சின்ன வயது. முப்பத்தெட்டுக்கு மேல் இருக்காது. ஃபோனை அணைத்து மேஜை மேல் கவிழ்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

நிமோனியா குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற நுரையீரல் ஏற்கெனவே கல்லாகிவிட்டது. மிஷினை விட்டு வெளியே வர அதற்குத் தெம்பு இல்லை. குழாய் வாயில் ரொம்ப நாள் இருக்கக் கூடாது. அடுத்தது தொண்டையில் துளை போட்டு அதில் குழாயை வைப்பது.

"செஞ்சுருங்க டாக்டர்" என்றான் கதிர். "என்ன வேணாலும் செய்யுங்க. அம்மாவ விட்டுரக் கூடாது."

"செய்ய எங்களால முடியுங்க. துளை போட்டா இன்னும் சில வாரம், ஒருவேளை ஒண்ணு ரெண்டு மாசம் மிஷின்ல இருப்பாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து நடமாடுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அதனால நான் வேற ஒண்ணு கேக்குறேன். அம்மா இப்ப எந்திரிச்சு வந்து இந்த நாற்காலில உக்காந்தா, என்ன சொல்லுவாங்க?"

கதிர் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க கூடவே இருந்தவங்க. இதப் பத்தி உங்ககிட்ட எப்பவாச்சும் பேசிருக்காங்களா?"

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், "டாக்டரம்மா, மொதல்ல இவளுக்கு ஒரு வாய் காப்பி குடுங்க. காலையிலருந்து ஒண்ணும் திங்காம வந்து நிக்கிறா" என்றுதான் ஆரம்பித்திருப்பார். அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

"இல்ல டாக்டர். ஒண்ணும் சொன்னதில்ல" என்றேன்.

பிப்ரவரி 12, புதன், காலை

காப்பி எதுவும் கொட்டவில்லை.

முதல் பக்கத்தைக் கிழித்தேன், ஆனால் தூக்கிப் போடவில்லை. என் ஊசிப் பெட்டியில் பாபின்களுக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். அதில் எழுதியிருந்தது பாதிதான். இன்று மீதியையும் எழுதிவிடுகிறேன். கதிர், இதை நீ படிக்கத்தான் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள் அக்கா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மூக்கில் ஆக்சிஜன் வயர். டாக்டரிடம் போய் வந்த மறுநாள். சாதாரணமாகச் சொன்னார்: "ஏ திலகா, எனக்கு அந்தக் குழாய் வேணாம். அவுகளுக்கு இருவத்திரண்டு நாளு போட்டு வச்சிருந்தாகள்ல, அப்படிக் கெடக்க என்னால முடியாது. அந்த நேரம் வந்தா நீதான் சொல்லணும். கதிரு அழுவான், அவனால முடியாது. நீ கெட்டிக்காரி. சொல்லிருவியா?"

சொல்லிருவேன் என்றேன். சத்தியம் பண்ணு என்றார். அவரைக்காய் நறுக்கிய ஈரக் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை வத்தக்குழம்பு கொண்டுவந்தபோது, "சளிக்கு உன் ரசத்தைவிட இது நல்லது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. கிண்ணத்தையும் திருப்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. எப்போதும் இருமுகிறவர்தானே என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இருமல் சத்தமே இல்லை. அப்போதுதான் ஓடினேன். உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாஹிதா என்னிடம் நேராகக் கேட்டார். "குழாய் போடணும். போடட்டுமா, வேணாமா? அவங்க ஏதாச்சும் சொல்லி வச்சிருக்காங்களா? இப்பவே சொல்லணும்மா." அக்கா முழு நினைவோடு இல்லை. ஆனால் கண் என் பக்கம் இருந்தது. வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "போடுங்கம்மா" என்று வந்தது. கையெழுத்துப் போட்டேன். தங்கை என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

அவசரத்தில் வேறு வழி இல்லை என்று எழுதினேனே, அது பொய். வழி இருந்தது. என்னிடம் சொல்லியும் வைத்திருந்தார். சண்டைக்காரியாக அவரை அனுப்ப என்னால் முடியவில்லை. ரசம் வைத்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் அவர் போகட்டும் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவர் போகவே கூடாது என்று நினைத்தேன். அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

அதே நாள், மாலை

பதினொரு மணிக்கு முன்னால் ஐசியூ வாசல் நாற்காலியில் வைத்து நோட்டையும் பழைய பக்கத்தையும் கதிரிடம் கொடுத்தேன். படித்தான். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். பாஸ் என்னிடம் இருந்ததால் நான் உள்ளே போனேன். முதல் தடவையாக அக்காவைத் திட்டவில்லை.

சாயங்காலம் அவன் தன் அம்மா பக்கத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டேன், கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் டிவி சத்தம் கூடியது. எனக்கு இது வேண்டியதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

காலை ஆறரைக்குக் கதவு தட்டினான். இரண்டு கையிலும் காப்பி டம்ளர். கண் வீங்கியிருந்தது. என் அடுப்படியில் தரையில் உட்கார்ந்தான். சின்னப் பிள்ளையில் பரீட்சையில் மார்க் குறைந்தால் அங்கேதான் வந்து உட்காருவான்.

"சித்தி, நேத்து உங்கமேல கோவம் இல்ல. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, அதச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"சொல்லு."

"பொங்கலன்னிக்கு அம்மா ஃபோன்ல சொன்னாங்க. 'குழாய் வேணாம்னு உன் சித்திகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்டா. சத்தியம்லாம் பண்ணிருக்கா. ஆனா அந்த நேரம் வந்தா போடச் சொல்லிருவா. வெளிய தான் வீம்பு, என்னய விட்டுட்டு ஒரு வேளை இருக்க மாட்டா. அப்படிப் போட்டுட்டான்னா அவளத் திட்டாத. நாலு நாளு விட்டுப் பாரு. அப்புறம் நீ வந்து எடுக்கச் சொல்லிரு'ன்னாங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சிருந்துமாடா செவ்வாக்கிழமை டாக்டர்கிட்ட என்ன வேணாலும் செய்யுங்கன்னு சொன்ன?"

"நாலு நாளுன்னாங்க சித்தி. எனக்கு நாலு நாளு பத்தல."

அவனைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம். அக்கா என்னை எவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார். முப்பத்தொரு வருஷம் டேப் பிடித்த எனக்கு அந்த அளவு வராது. அழுது முடித்துக் காப்பியைக் குடித்தால், அதில் சர்க்கரையே போடவில்லை அந்தப் பிள்ளை.

பதினொரு மணிக்கு இருவரும் டாக்டர் ஷாஹிதாவைப் பார்த்தோம். நான்தான் சொன்னேன். முதலில் நான் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். சனிக்கிழமை டிவியையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாலும் அந்த நுரையீரல் இதேதாம்மா. அன்னிக்கு நிமோனியா கொறைஞ்சா மீண்டுருவாங்களோன்னு எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு. முயற்சி பண்ணிப் பாத்தோம். அது தப்பில்ல. இப்ப அவங்க கேட்டதச் செய்வோம்."

பிப்ரவரி 14, வெள்ளி

குழாயை எடுப்பதற்கும் முறை இருக்கிறது. டாக்டர்கள் ஒரு குழு பார்த்து எழுத வேண்டும், பிறகு இன்னொரு குழு தனியாகப் பார்த்து எழுத வேண்டும். கதிர் கையெழுத்துப் போட்டான். என்னையும் போடச் சொன்னார்கள். உறவு என்ற இடத்தில் இந்தத் தடவை நானே என் கையால் 'தங்கை' என்று எழுதினேன்.

கதிருக்கு ஒரு சந்தேகம். "வீட்டுக்குக் கொண்டு போயிரலாமா டாக்டர்? உயிரு வீட்டுல போகணும்பாங்க."

"கொண்டு போகலாங்க, ஏற்பாடு பண்ணித் தரேன். ஆனா வழியில மூச்சுத் திணறுனா அவங்களுக்குச் செரமம். இங்கன்னா மருந்து கையில இருக்கும், திணறவே விட மாட்டோம்."

கதிர் என்னைப் பார்த்தான். "வீட்டுல இப்ப யாருடா இருக்கா? நீயும் நானும் இங்கதான இருக்கோம். இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

பிரின்ஸி அக்காவின் கட்டிலை ஜன்னல் ஓரத்து மூலைக்கு மாற்றித் திரை போட்டாள். எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டாள். "இனி உங்களுக்குப் பாஸ் வேண்டாம்மா. எப்ப வேணும்னாலும் இருக்கலாம்" என்றாள். அப்போதுதான் எனக்குப் பெரியவர் போன நாள் ஞாபகம் வந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு. என்ன கொண்டுவரலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். அவருக்குப் பிடித்தது எதுவானாலும் என்றார். வீட்டுக்கு வந்து புளி ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 15, சனி

காலை நாலரைக்கு எழுந்து ரசம் வைத்தேன். பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டது. உப்பை மூன்று தடவை பார்த்தேன். கிண்ணத்தில் ஊற்றி மூடி, துணியில் கட்டி எடுத்துப்போனேன். ஆட்டோவில் கதிர் வாங்கப் பார்த்தான். நானே மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் மூச்சு முட்டாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். கையில் கட்டியிருந்த துணியைப் பிரின்ஸி அவிழ்த்தாள். மிஷினின் சத்தங்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். பத்தே முக்காலுக்கு டாக்டர் ஷாஹிதா குழாயை எடுத்தார். அக்கா இருமினார். சின்ன மூக்கு வயரில் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் வாயைப் பார்த்தேன். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடம் சிவந்திருந்தது. பிரின்ஸி ஈரத்துணியால் துடைத்துத் திருநீறு வைத்துவிட்டாள். அவள் பைபிள் படிக்கிற பெண். திருநீறு எங்கே வாங்கினாளோ தெரியவில்லை.

மூச்சு சின்னச் சின்னதாக வந்தது, ஆனால் திணறவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். கதிரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

பிறகு கண் என் பக்கம் திரும்பியது. பதினைந்து நாளாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, சொன்னபடி செய்யல. போடச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க." அவர் விரல் என் விரலைத் தேடிப் பிடித்தது. பிடியில் தெம்பு இல்லை, ஆனால் விடவில்லை.

டாக்டர், "பஞ்சுல தொட்டு உதட்டுல தடவுங்க" என்றார். துணியை அவிழ்த்துக் கிண்ணத்தைக் காட்டினேன். ரசத்தைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். நாக்கு நுனி வெளியே வந்து தொட்டுக்கொண்டது. இன்னொரு தடவை வைத்தேன். உதடு அசைந்தது. காதை வாயருகே வைத்தேன்.

"உப்பு" என்றார்.

கதிர் சத்தமாகச் சிரித்துவிட்டான். ஐசியூவில் அப்படி யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று தடவை பார்த்துப் போட்ட உப்பு. "கூடிப்போச்சா, கொறையா? அதச் சொல்லுங்க!" என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பதினேழு வருஷமாகச் சுவரோரம் நின்று கிண்ணத்தை வாங்கிக்கொள்கிற அதே முகம்.

பகல் முழுக்க நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நான் குதிகாலுக்கு எண்ணெய் தேய்த்தேன். கதிர் பஹ்ரைன் கதைகள் சொன்னான். சாயங்காலம் மூச்சு கொஞ்சம் வேகமானது. மருந்தைக் கூட்டினார்கள். அடங்கியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஏழு பத்து. ஜன்னலில் வெயில் வந்துவிட்டிருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். கதிர் பக்கத்தில் இருந்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் எழுதுகிற மாதிரி இதை இரண்டு தடவை எழுதிக்கொள்கிறேன். நாங்கள் பக்கத்தில் இருந்தோம்.

டியூட்டிக்கு வந்த பிரின்ஸி அக்காவின் சாமான்களைக் கட்டிக் கதிரிடம் கொடுத்தாள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். உள்ளே ஒரு சாத்துக்குடி இருந்தது. "வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னிய" என்றாள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

பதினாறும் முடிந்தது. இன்று பகல் மூன்று மணிக்குக் கதிர் கிளம்பினான். சொந்தக்காரர்கள் எல்லாம், இனி இவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றையாக எதற்கு, சுவரை இடித்துவிட்டு வாடகைக்கு விடு என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டுக்கொண்டேன்.

காலையிலிருந்து அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம். பெட்டி கட்டாமல் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சுவரோரம் வந்து நின்றான். கையில் கிண்ணம். 'கா. நவநீதம்' என்ற எழுத்து என்னைப் பார்த்தபடி இருந்தது.

"வத்தக்குழம்பு வச்சேன் சித்தி. அம்மா ஃபோன்ல சொன்ன பக்குவம்."

வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏன்டா, மூணு மணிக்குக் கெளம்புறவன் இப்பக் குடுத்தா, நான் கிண்ணத்த எப்படித் திருப்பித் தர?"

"இப்ப யாரு கேட்டா? ஆகஸ்ட்ல லீவுக்கு வருவேன்ல, அப்பத் தாங்க. வெறுமனே தராதீங்க."

காரில் ஏறும்வரை சிரித்த முகமாக இருந்தான். தெருமுனை திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

சோறு போட்டு, குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். உப்பு சுத்தமாக இல்லை. போட மறந்திருக்கிறான். வழித்துச் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவி என் அலமாரியில் முன்வரிசையில் வைத்திருக்கிறேன். ஆகஸ்டுக்கு இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. அதற்குள் ரசத்துக்கு உப்புப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். அவன் அம்மா மாதிரியே ஏதாவது சொல்லுவான்.